கூடுதலாக ஒரு மணிநேரம்

மணியாச்சி என்றதும் எவருக்கும் 1911 ஜூன் 17-ஆம் தேதிதான் நினைவுக்கு வரும். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற அந்தக் காலைப்பொழுது, ரயில் நிலையத்தின் பெயரோடேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் இந்த வட்டாரத்தின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்தின் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறவர், அந்த நிலையம் அங்கே எதற்காக அமைந்தது என்று முதலில் கேட்க வேண்டும். 1870-களில் மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இருப்புப்பாதை போடப்பட்டபோது, திருநெல்வேலிக்குக் கிளை பிரியும் இடமாக மணியாச்சி ஆனது. அந்தப் பாதையில் துறைமுகத்துக்குப் போன சரக்குகளில் முதன்மையானது கரிசல் பருத்தி. வெளிநாட்டுச் சந்தையில் 'டின்னிவெல்லி' என்று பெயர் வாங்கிய அந்தப் பருத்தியைக் காட்டில் குனிந்து எடுத்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும். மானாவாரி நிலத்தில் வேலை ஆண்டு முழுவதும் சீராக வராது. வரும்போது வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் வேண்டும். பள்ளி ஆண்டின் கடைசி மாதங்களும் பருத்தி வெடிக்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்தன. கரிசல் பிள்ளை படிப்பில் பின்தங்கியது என்று நூறு ஆண்டுகளாகச் சொல்லிவருவதில் பெரும்பகுதி, அந்தப் பிள்ளையின் நேரம் பறிபோன கதைதான். பறிபோன நேரத்தைத் திருப்பித் தரும் முயற்சிகளும் இங்கே நடந்திருக்கின்றன. அவற்றில் பல பலன் தந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தற்காலிகத் திட்டமாகவே பிறந்து, தற்காலிகத் திட்டமாகவே கலைந்தது. இதே மண்ணில் தொடங்கிய மதிய உணவு மட்டும் வேறு வழியில் போய் உரிமையாக நிலைத்தது. வாசிப்புக்கும் கணக்குக்கும் தரப்படும் கூடுதல் கற்பித்தலும் அந்த வழியில்தான் போக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'பின்தங்கிய மாணவன்' என்ற வகை இருக்கவில்லை. மணலில் விரலால் எழுதத் தொடங்கும் பிள்ளை, அரிச்சுவடி வசமானால் அடுத்த சுவடிக்குப் போகும். வசமாகாவிட்டால் அங்கேயே இருக்கும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று எண்சுவடியின் வாய்பாடுகளை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்யும். தேறிய மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்த முறையைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்தில் அதைக் கையாண்டு, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் போனது. இதையெல்லாம் பொற்காலமாகப் பாட எனக்கு விருப்பமில்லை. சென்னை மாகாண ஆளுநர் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் படித்தவர்கள் 1,88,650 பேர். மாகாணத்தின் மக்கள்தொகை ஒரு கோடியே 28 லட்சத்துக்கும் மேல். பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இல்லை. அடியும் தண்டனையும் அன்றாடம். ஆனாலும் உள்ளே வந்துவிட்ட பிள்ளையைப் பொறுத்தவரை, பாடம் பிள்ளைக்காகக் காத்திருந்தது. அந்த ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வகுப்பு, ஆண்டுத் தேர்வு, தேர்வு முடிவைப் பார்த்துத் தரப்படும் மானியம் என்ற ஏற்பாடு வந்தபோது அது தலைகீழானது. பாடம் நாள்காட்டியோடு நகர்ந்தது. பிள்ளை அதை எட்டிப் பிடிக்க வேண்டியதாயிற்று. கதவு அகலத் திறந்தது என்பது பெரிய நன்மை. ஆனால் பருத்திக்காட்டில் ஒரு மாதம் போக்கிவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு, விட்ட இடத்தைத் தொடங்கித் தர அந்த அமைப்பில் ஆளில்லை.

வசதியுள்ள வீடுகளில் அந்த ஆள் எப்போதும் இருந்தார். மணியாச்சியை உள்ளடக்கிய ஓட்டப்பிடாரம் வட்டாரத்தின் பெருமகன் வ.உ. சிதம்பரனார், வக்கீல் உலகநாத பிள்ளையின் மகன். அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் வீரப்பெருமாள் அண்ணாவி. தகப்பனுக்கு வசதி இருந்தால் பிள்ளைக்குத் தனி ஆசிரியர் வாய்ப்பார் என்பது அன்றைய நிலை. இன்று அதற்கு டியூஷன் என்று பெயர். ஆகவே கூடுதல் கற்பித்தல் என்பது ஏழைப் பிள்ளைகளுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த சலுகை அன்று. காசுள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாக விலை கொடுத்து வாங்கிய ஒன்று அது. அதை வாங்க முடியாத பிள்ளைக்கு யார் தருவது என்பதுதான் கேள்வி.

நேரம்தான் மையப் பிரச்சினை என்பதை 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டுகிறது. கிராமப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மீதிப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது அது. கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இரண்டு முறையாக வகுப்பு நடத்தினால் இன்னும் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அதற்கு நியாயம் சொன்னார்கள். பற்றாக்குறை உண்மையானதுதான். ஆனால் பற்றாக்குறைக்கான விலையைக் கிராமத்துப் பிள்ளை தன் படிப்பு நேரத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்றானது. 'குலக்கல்வி' என்று மக்கள் அதற்கு இட்ட பெயரில் இருந்த கோபம் நியாயமானது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956-இல், மணியாச்சிக்கு வடக்கே பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதற்குப் பின்னால் நின்று உழைத்த கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. சோறு என்பது வெறும் பசி தீர்க்கும் ஏற்பாடாக இருக்கவில்லை. மதியம் வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பி வராமல் போன பொழுதையெல்லாம் அது பள்ளிக்கு மீட்டுத் தந்தது.

அந்தச் சோற்றின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1920-லேயே நீதிக்கட்சியின் தியாகராயர் முயற்சியில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. சில ஆண்டுகளில் தடைப்பட்டது. காமராசர் காலத்திலும் தொடக்கத்தில் ஊரார் கொடையே அடுப்பை எரித்தது. தானியமும் விறகும் யாராவது தந்தால்தான் உலை. பிறகு அரசு செலவில் பங்கேற்றது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதை விரித்தபோது, ஊர்க்கொடையை நம்பும் நிலை முடிந்தது. சமையலுக்கும் அமைப்புக்கும் ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டது. 2022-இல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது. இந்தப் பாதையில் ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்ப்பு இருந்தது. பணம் விரயம், பள்ளிக்கூடம் சத்திரமாகிவிட்டது, ஆசிரியர் சமையற்காரராகிவிட்டார் என்றெல்லாம் பேசியவர்கள் உண்டு. இன்று அதை நிறுத்தலாம் என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. தருமமாகத் தொடங்கியது தனிப் பணியிடம், நிரந்தர நிதி, சட்டப் பாதுகாப்பு மூன்றையும் பெற்றதால்தான் அது பிழைத்தது.

பசி தீர்ந்த பிறகும் கரிசல் பிள்ளையின் நேரத்தைக் கேட்ட இன்னொன்று இருந்தது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் வறண்ட வானத்தையும் மலிவான உழைப்பையும் முதலாகக் கொண்டு தீப்பெட்டித் தொழிலை வளர்த்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களின் உலை கொதித்ததே அந்தக் கூலியால்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் தேவைப்பட்டன. விடியுமுன் கிராமங்களுக்கு வண்டி வந்து பிள்ளைகளை, அதிலும் பெண்பிள்ளைகளை, தீப்பெட்டி ஆபீஸுக்கு அள்ளிக்கொண்டு போனது. 1976-இல் அரசு அமைத்த ஹர்பன்ஸ் சிங் குழு இதை ஆராய்ந்தது. 1983-இல் ஸ்மித்து கோத்தாரி எழுதிய கட்டுரை நாடு முழுவதும் பேசப்பட்டது. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளரான பூமணி 1996-இல் இயக்கிய 'கருவேலம் பூக்கள்' திரைப்படத்தின் கதையே இதுதான். துண்டுக்கூலி வேலை அது. எத்தனை கட்டை அடுக்கினோம், எவ்வளவு காசு வரும் என்று அந்தப் பிள்ளைகள் மனக்கணக்காகப் போட்டார்கள். ஆனால் அதே கூட்டலும் பெருக்கலும் கரும்பலகையில் வந்தால் தெரியாது. இது கரிசலுக்கு மட்டும் உரியதன்று. டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, வியாபாரத்தில் சிக்கலான கணக்கை மனதிலேயே போடும் பிள்ளைகள் அதைவிட எளிய பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறுவதைக் காட்டியது. ஆகவே வேலையிலிருந்து வந்த பிள்ளைக்கு மூளை மந்தம் என்று சொன்னவர்கள் தவறாகச் சொன்னார்கள். கையில் இருந்த கணக்குக்கும் காகிதத்துக் கணக்குக்கும் நடுவில் பாலம் போட ஒருவரும் இல்லை என்பதே நடந்தது.

பாலம் போடும் முயற்சி தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தோடு வந்தது. 1987-இல் கொள்கை வகுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து முதலில் தொடங்கிய இடங்களில் சிவகாசி வட்டாரமும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி, மதிய உணவு, சிறு உதவித்தொகை, பிறகு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பு என்பது ஏற்பாடு. சிவகாசித் தொழிற்சாலைகள் தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பவும் சொன்னது. ஆனால் பள்ளிக்கு வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை, விட்டுப்போன ஐந்தாறு ஆண்டுப் பாடத்தை எப்படி எட்டிப் பிடிக்கும்? அந்தக் கேள்வியின் முழுப் பாரமும் மதிப்பூதியத்தில் வேலை பார்த்த சிறப்புப் பள்ளி ஆசிரியர்களின் தலையில் விழுந்தது. அவர்கள் நிரந்தரப் பணியாளர்கள் அல்லர். பிள்ளை வழக்கமான பள்ளிக்கு மாறியதும் அவர்களுடைய கை அதற்கு எட்டாது. 2021-இல் அந்தத் திட்டத்தையே ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைத்துவிட்டார்கள்.

இடையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அது பெரியவர்களுக்கானது. ஆனால் எழுத்துத் தெரிந்த தாய் வீட்டில் இருப்பதைவிடப் பிள்ளைக்குப் பெரிய கூடுதல் பாடம் வேறென்ன? பகலெல்லாம் காட்டிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் உழைத்த பெண்கள் இரவில் தெருவிளக்கடியில் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். கரிசல் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அதில் இறங்கி உழைத்தவர். அந்த அனுபவத்தை நூலாகவே எழுதினார். இயக்கம் ஓய்ந்ததும் தொடர்கல்விக்கான ஏற்பாடுகள் மெல்ல வலுவிழந்தன. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் தங்கள் இளமையைக் கொடுத்துக் கட்டிய ஒன்று கைமாற்றிக்கொடுக்க ஓர் அமைப்பில்லாமல் போனதை இழப்பென்றே சொல்ல வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வி இந்த வரிசையில் கடைசி. நம்மிடம் உறுதியான சான்று உள்ளதும் அதற்குத்தான். 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் அது தொடங்கியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரையான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணிநேரம். கற்பித்தவர்கள் பெரும்பாலும் அதே தெருவில் வாழும் படித்த பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அபிஜித் சிங், மவுரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் மொழியில் ஏற்பட்ட இழப்பைப்போல் கணக்கில் ஏறக்குறைய இரு மடங்கு இழப்பு. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடானது. அப்படி ஈடானதில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் என்று அவர்கள் கணித்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இந்த வகுப்புகளுக்கு அதிகம் வந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் வாங்கிய பெண்கள் சாதித்தது இது. அடுத்து வந்த ஆண்டுகளில் மையங்கள் குறைக்கப்பட்டன; 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கும் பொறுப்பைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. திசை சரி. ஆனால் அதே ஆசிரியர், அதே நேரம். கூடுதலாக ஒரு கை சேரவில்லை.

இங்கே எழும் மறுப்புகளில் முதலாவது, வகுப்பு ஒழுங்காக நடந்தால் கூடுதல் பாடம் எதற்கு என்பது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால் அந்த நியாயம் நிற்பதில்லை. 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆண்டுக்கு 800 கற்பித்தல் மணிநேரம். கரிசல் கிராமப் பள்ளிகள் பல இப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டால், ஒருவர் கையில் ஒரே சமயத்தில் இரண்டு அல்லது மூன்று வகுப்புகள். ஆசிரியரின் முகம் நேராகத் தன் வகுப்பைப் பார்க்கும் நேரம் ஒரு பிள்ளைக்கு 800 மணியில் பாதி, அல்லது அதற்கும் குறைவு. ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மீதி நேரத்தை டியூஷன் வாங்கும் வீடு ஈடுசெய்துகொள்கிறது. காட்டு வேலைக்குப் போகும் வீடு என்ன செய்யும்?

இரண்டாவது மறுப்பு கனமானது. மாலை மையம் நடப்பது யார் வீட்டுத் திண்ணையில்? ஊரும் காலனியும் தனித்தனியாக நிற்கும் நிலத்தில், ஊர்த் தெருவில் நடக்கும் வகுப்புக்குக் காலனிப் பிள்ளை கூச்சமில்லாமல் வருமா? காலனியிலேயே நடத்தினால் பிரிவை நாமே உறுதிசெய்தவர்கள் ஆகமாட்டோமா? காலனியிலேயே ஒரு படித்த பெண் ஆசிரியையாக எழுந்து நிற்பது பிள்ளைகளுக்குத் தரும் தைரியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இல்லம் தேடிக் கல்வியின் மிகச் சிறந்த பகுதி அதுவாகவும் இருக்கலாம். ஆனாலும் எல்லாச் சாதிப் பிள்ளையும் உரிமையோடு கால்வைக்கும் பொது இடம் கிராமத்தில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் ஒன்றுதான். கூடுதல் கற்பித்தல் அதற்குள் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அந்தத் தெருப் பெண்ணையே பள்ளிக்குள் அழைத்து, முறையான ஊதியத்தோடு அமர்த்தலாம். சட்டாம்பிள்ளை முறையில் கற்க வேண்டியது எதுவென்றால் ஆசிரியருக்குத் துணையாக இன்னொருவர் வகுப்புக்குள்ளேயே இருந்ததுதான்.

மலிவான தொண்டர்களைக் காட்டி நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை அரசு குறைத்துவிடும் என்று ஆசிரியர் சங்கங்கள் அஞ்சுவதிலும் பொருளுண்டு. அமெரிக்காவில் 1965-இல் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பொதுப் பள்ளிகளுக்கு வாசிப்பு, கணக்குத் துணைக்கென மத்திய அரசு தனி நிதி ஒதுக்கியபோது, பல இடங்களில் உள்ளூர் நிர்வாகங்கள் தங்கள் வழக்கமான செலவைக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தால் இட்டு நிரப்பின. 1969-இல் ரூபி மார்ட்டினும் ஃபிலிஸ் மெக்ளூரும் எழுதிய அறிக்கை அதை அம்பலமாக்கியது. அதன்பின், இந்தப் பணம் இருப்பதற்கு மேல் கூடுதலாகவே செலவாக வேண்டும், இருப்பதற்கு மாற்றாக அன்று என்ற விதி சட்டத்தில் ஏறியது. அறுபது ஆண்டுகளாக அந்த நிதி தொடர்கிறது. நமக்கும் அந்த விதி வேண்டும். ஆசிரியர் பணியிடம் ஒன்றுகூடக் குறையாமல், அதற்கு மேல் ஓர் ஆள்.

பலன் நிலைக்காது என்பது கடைசி மறுப்பு. மும்பையிலும் வதோதராவிலும் 'பால்சகி' என்ற பெயரில் உள்ளூர் இளம்பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தனியே அழைத்து நாளுக்கு இரண்டு மணிநேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பானர்ஜி, கோல், டுஃப்லோ, லின்டன் நால்வரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் நல்ல முன்னேற்றம் பதிவானது. மிகவும் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். உதவி நின்று ஓராண்டுக்குப் பிறகு அந்தப் பலனில் பெரும்பகுதி கரைந்திருந்தது. இதைக் காட்டி முயற்சியே வீண் என்பவர்கள் உண்டு. ஓராண்டு மதிய உணவு போட்டு நிறுத்தினால் அடுத்த ஆண்டு பிள்ளைக்குப் பசிக்கும் என்பதால் சோறு போடுவது வீண் என்று யாரும் சொல்வதில்லை. கரைந்துபோனது என்பது தொடர்ந்து தர வேண்டும் என்பதற்கான சான்றே.

தொடர்ந்து தருவதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதல் கற்பித்தலை வழங்குவது ஆசிரியரின் கடமை என்று ஏற்கெனவே சொல்கிறது. அதற்கு முந்தைய வரி, முழுப் பாடத்திட்டத்தையும் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது. இரண்டு கடமையையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டு, இரண்டாவதற்கு நேரமும் ஆளும் பணமும் ஒதுக்காமல் விட்டிருக்கிறோம். சட்டத்தில் இருப்பதைக் கேட்டு வாங்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருப்பதே அதற்குத்தான். மணியாச்சியிலும் ஓட்டப்பிடாரத்திலும் விளாத்திகுளத்திலும் அந்தக் குழுக்களில் உட்காரும் தாய்மார்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட வேண்டும். நம் பள்ளியில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் எத்தனை பேர், கணக்குக்கு உதவி வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எழுதி, பள்ளி நேரத்துக்குள் நாள்தோறும் ஒரு மணிநேரமும் அதற்கென்று சம்பளத்தோடு ஓர் ஆளும் கேளுங்கள்.